சாமிக்கு நாலு வேளை, செத்தவங்களுக்கு மாசம் ஒரு வேளை: மெசபடோமியாவுல யாரு யாருக்கு சோறு போட்டாங்க

மெசபடோமியா மதத்தைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் ஒரு சாமி லிஸ்ட் போட்டு, அனு வானம், என்லில் காத்து, என்கி தண்ணி, இஷ்தார் காதலும் சண்டையும்னு நாலு வரி எழுதி, கூடவே ஒரு ஜிகுராட் (அடுக்கடுக்கா கட்டின கோயில் கோபுரம்) போட்டோவையும் போட்டு முடிச்சுடறாங்க. லிஸ்ட்ல தப்பில்ல, ஆனா அதைப் படிச்சா அந்த ஊர்க்காரன் காலைல எந்திரிச்சு என்ன நினைச்சான்னு ஒண்ணும் தெரியாது. சாமி அவன்கிட்ட என்ன எதிர்பார்த்துச்சுன்னு கேட்டா அவங்க நூல்களே நேரடியா பதில் சொல்லுது: சோறு. பக்தி, நம்பிக்கை, மோட்சம் இதெல்லாம் அப்புறம், முதல்ல வேளாவேளைக்கு சாப்பாடு வரணும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். டைக்ரிஸ் யூப்ரடீஸ் ஆறுகளுக்கு நடுவுல, இன்னைக்கு ஈராக்கும் சிரியா துருக்கியில கொஞ்சமும் இருக்கிற இந்த இடத்துல, சுமேரியர், அக்காடியர், பாபிலோனியர், அசீரியர்னு கிட்டத்தட்ட 3000 வருஷம் ஆளுங்க மாறி மாறி வந்தாங்க, இதை ஒரே மதம்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் இந்த சோத்துக் கணக்கு மட்டும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மாறல.

ஏன் சோறுங்கிறதுக்கு அவங்ககிட்ட ஒரு கதை இருக்கு. அத்ரஹாசிஸ்னு ஒரு காவியம், நமக்கு கிடைச்ச முக்கியமான பிரதி கி.மு. 17-ஆம் நூற்றாண்டுல அம்மி-சதூகாங்கிற பாபிலோன் ராஜா காலத்துல எழுதினது. மனுஷங்களே இல்லாத காலத்துல சின்ன சாமிகள்தான் வாய்க்கால் வெட்டி மண்ணு சுமந்துச்சாம். 40 வருஷம் பொறுத்துட்டு ஒருநாள் ராத்திரி மண்வெட்டி, கூடை எல்லாத்தையும் கொளுத்திப் போட்டுட்டு என்லில் வீட்டை முற்றுகை போட்டுடுச்சுங்க, அதாவது உலகத்தோட முதல் ஸ்ட்ரைக் சாமிகள் பண்ணது. என்லில் பயந்து மூஞ்சி வெளுத்துப் போறார். கடைசில என்கிதான் வழி சொல்றார், ஒரு சாமியை வெட்டி அதோட ரத்தத்தையும் சதையையும் களிமண்ணுல பிசைஞ்சு மனுஷனைப் பண்ணுவோம், இனிமே வேலை அவனோடது. ஆக மனுஷன் பொறந்ததே வேலைக்கு ஆள் வேணும்னு. இதுல ஒளிவு மறைவே இல்ல, அவங்க இதை எழுதி வச்சு பள்ளிக்கூடத்துல காப்பி எடுக்க வச்சாங்க.

அப்புறம் மனுஷங்க பெருகி சத்தம் தாங்காம என்லிலுக்கு தூக்கம் வரல, கொள்ளைநோயை அனுப்பறார். அதுக்கு என்கி சொல்ற ஐடியாதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: வேற எந்த சாமியையும் கும்பிடாதீங்க, நோய் சாமி நம்தார் ஒருத்தர் வாசல்ல மட்டும் ரொட்டி சுட்டு வைங்க, இவ்வளவு சாப்பாட்டைப் பார்த்தா அவருக்கே வெட்கமாயி கையை எடுத்துடுவார். அது வேலை செய்யுது. பஞ்சம் வந்தப்ப மழை சாமி அதாதுக்கும் இதே ட்ரிக், அதுவும் வேலை செய்யுது. கடைசில பெருவெள்ளம் அனுப்பி எல்லாரையும் முடிச்சுட்டப்பதான் சாமிகளுக்கு உறைக்குது, சமைச்சுப் போட ஆள் இல்ல. பட்டினியும் தாகமுமா கிடந்துட்டு, தப்பிச்ச ஒருத்தன் படையல் வச்சதும் வாசனை புடிச்சு ஈ மொய்க்கிற மாதிரி வந்து மொய்க்குதுங்க. ஈன்னு நான் சொல்லல, மூலத்துலயே அப்படித்தான் இருக்கு.

இப்ப கோயிலுக்கு வருவோம். கோயில்ங்கிறது சாமியோட வீடு, அவ்வளவுதான். ஊர் ஜனம் கூடி கும்பிடற இடம் இல்ல, சாதாரண ஆளுங்க உள்ள போகவே முடியாது, திருவிழாவுல சாமி வெளிய வரும்போது பார்த்துக்கலாம். வசதி இருக்கிறவங்க தனக்குப் பதிலா ஒரு சிலை செஞ்சு உள்ள வச்சாங்க, பாக்தாத்துக்கு கிழக்க டெல் அஸ்மார்ல 1930-கள்ல தோண்டினப்ப கிடைச்ச 12 சிலைகள் இந்த ரகம்தான், பெரிய பெரிய கண்ணை விரிச்சுக்கிட்டு கையைக் கோத்துக்கிட்டு நிக்கும்.

சாமி என்ன சாப்பிட்டுச்சுன்னு உருக் நகரத்து களிமண் பலகை ஒண்ணு மெனுவோட சொல்லுது. கிரேக்கர் ஆட்சி வந்தப்புறம் எழுதின பிரதி, ஆனா முறை பழசு. தினமும் நாலு வேளை, காலைல பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணு, சாயங்காலம் அதேமாதிரி. ரொட்டி மட்டும் ஒரு நாளைக்கு 243. அதோட தங்கப் பாத்திரத்துல பீர், பேரீச்சம்பழம், பார்லி போட்டு கொழுக்க வச்ச ஆட்டுக்கடா, மாடு, வாத்து, வாத்து முட்டை, நெருப்புக்கோழி முட்டை வரைக்கும் எண்ணி எழுதி வச்சிருக்காங்க. மாவு அரைக்கிறவன் அரைக்கும்போது ஒரு மந்திரம், பிசையறவன் பிசையும்போது இன்னொண்ணு. பாதாளத்து ராணி எரேஷ்கிகலுக்கு மாட்டுக்கறியும் பறவைக்கறியும் ஆகாதுன்னு தனியா குறிப்பு வேற. படைச்சதும் திரையை இழுத்து விட்டுடுவாங்க, சாமி சாப்பிடறதை யாரும் பார்க்கக் கூடாது, முடிஞ்சதும் கை கழுவ தண்ணி வைப்பாங்க.

சரி, திரையை விலக்கினதும் அந்த 243 ரொட்டி என்னாச்சு? அதுலதான் ஊரோட பொருளாதாரமே ஓடுச்சு. ஒரு பங்கு ராஜாவுக்குப் போகும், மிச்சம் கோயில்ல முறை இருக்கிறவங்களுக்கு. ரொட்டி சுடற முறை, பீர் காய்ச்சற முறை, கறி வெட்டற முறை, வாசல் காக்கிற முறைன்னு வருஷத்துல இத்தனை நாள் இன்னாருக்குன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, அது பரம்பரைச் சொத்து, விக்கலாம், அடகு வைக்கலாம், பொண்ணுக்கு சீதனமா குடுக்கலாம். பசங்க பாகம் பிரிச்சு பிரிச்சு கடைசில ஒரு நாள் முறையில ஆறுல ஒரு பங்குன்னு விக்கிற காண்ட்ராக்ட் எல்லாம் உருக்ல கிடைச்சிருக்கு. வாங்கினவங்க எல்லாரும் போய் நிஜமாவே ரொட்டி சுட்டாங்களான்னா இல்ல, ஆள் வச்சு செஞ்சுட்டு வரும்படியை வாங்கிக்கிட்டாங்க, கிட்டத்தட்ட ஷேர் மார்க்கெட்தான்.

சொத்து இருந்தா திருட்டும் இருக்கும்ல. உருக்ல இஷ்தார் கோயில் மாடு ஆடுக்கெல்லாம் நட்சத்திர முத்திரை சூடு போட்டிருப்பாங்க, அதையும் மீறி கிமில்லுன்னு ஒரு கோயில் அதிகாரி சாமி மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். கி.மு. 538-ல கேஸ் நடந்து சாட்சியெல்லாம் சொல்லி, எடுத்த ஒவ்வொண்ணுக்கும் 30 மடங்கு கட்டணும்னு தீர்ப்பு ஆச்சு. அதுக்கப்புறமும் அந்தாளு பல வருஷம் அதே கோயில் வேலைல தொடர்ந்திருக்கான்! இதுக்கு நான் என்ன கமெண்ட் எழுதறது, நீங்களே நினைச்சுக்குங்க.

இங்க ஒரு கேள்வி வரும், மரத்துல செஞ்சு தங்கம் பூசின சிலை எப்படி சாப்பிடும்னு. இதே கேள்வி அவங்களுக்கும் இருந்துச்சு, அதுக்குத்தான் வாய் கழுவற சடங்குன்னு ஒண்ணு. இதைப் பண்ணாத சிலை சாம்பிராணி வாசனை முகராது, சோறு சாப்பிடாது, தண்ணி குடிக்காதுன்னு சடங்கு நூல்லயே எழுதியிருக்கு. பட்டறைலேர்ந்து தீப்பந்தம் பிடிச்சு சிலையை ஆத்தங்கரைக்குக் கொண்டு போவாங்க, தோட்டத்துல நாணல் குடிசை போட்டு ராத்திரி பூரா வச்சிருந்து வாயைத் திரும்பத் திரும்ப கழுவுவாங்க. தச்சன் உபயோகிச்ச உளி, வாச்சி எல்லாத்தையும் ஒரு ஆட்டுத் தொடைக்குள்ள வச்சு ஆத்துல விட்டுடுவாங்க. அதைவிட முக்கியம், சிலை செஞ்ச ஆளுங்க கையைத் துணியால கட்டி, மரக்கத்தியால வெட்டற மாதிரி பாவனை பண்ணுவாங்க, அப்ப ஒவ்வொருத்தனும் இதை நான் செய்யல, என் தொழிலோட சாமிதான் செஞ்சுதுன்னு சத்தியம் பண்ணணும். கையால செஞ்ச பொருள்ங்கிற தடயத்தையே அழிக்கிறாங்க, என்ன ஒரு யோசனை!

அதுனாலதான் ஜெயிச்ச ராஜா முதல்ல சிலையைத் தூக்கிக்கிட்டுப் போவான். பாபிலோனோட தலைமை சாமி மர்துக் சிலை ஹிட்டைட் (இன்னைக்கு துருக்கி), அசீரியா, ஏலாம் (இன்னைக்கு ஈரானோட தென்மேற்கு)னு மூணு எதிரி நாட்டைப் பார்த்திருக்கு. தோத்துட்டோம்னு ஒத்துக்க மனசில்லாம பாபிலோன்காரங்க என்ன எழுதினாங்கன்னா, மர்துக்கே தன் இஷ்டத்துக்கு கிளம்பிப் போனார், அங்க கொஞ்ச நாள் இருந்தார், வேணும்னப்ப திரும்பி வந்தார். முதலாம் நெபுகத்நேசர் கி.மு. 12-ஆம் நூற்றாண்டு கடைசில ஏலாம் மேல படையெடுத்து மீட்டுக்கிட்டு வந்ததுதான் நிஜம்.

ராஜாவோட முதல் டியூட்டியும் சாமி வீட்டுக்கு சப்ளை நிக்காம பார்த்துக்கறதுதான். பாபிலோன்ல வசந்தகாலத்து அகிடு திருவிழா அஞ்சாம் நாள் தலைமைப் பூசாரி ராஜாவோட செங்கோல், கிரீடம் எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டு கன்னத்துல ஒரு அறை விட்டு, காதைப் பிடிச்சு இழுத்து மர்துக் முன்னாடி மண்டி போட வைப்பார். ராஜா நான் பாவம் பண்ணல, உன் சேவையில குறை வைக்கல, ஊர்ப் பெரியவங்க கன்னத்துல அடிக்கலன்னு ஒப்பிக்கணும். மறுபடி ஒரு அறை விழும், கண்ணுல தண்ணி வந்தா சாமிக்கு திருப்தி, வரலன்னா எதிரி வந்து கவுத்துடுவான்னு அர்த்தம். நபோனிடஸ் ராஜா அரேபியாவுல தேமாங்கிற ஊர்ல போய் 10 வருஷம் உக்காந்துட்டதால இந்த விழாவே நடக்கல, பாபிலோன் குறிப்பு எழுதினவங்க வருஷா வருஷம் அதையே திரும்பத் திரும்ப எழுதி வச்சிருக்காங்க, படிக்கும்போதே அவங்க கடுப்பு தெரியும். கி.மு. 539-ல பாரசீக சைரஸ் வந்தப்ப பாபிலோன் பூசாரிகள் யார் பக்கம் எழுதினாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். குடிமகனுக்கு மர்துக்கும் என்லிலும் எட்டாத தூரம், அவனுக்குன்னு சொந்தமா ஒரு சாமி, ஒரு அம்மன் இருக்கும், குடும்பத்துல அப்பாகிட்டேர்ந்து வர்றது, பெரிய சாமிகிட்ட நமக்காக சிபாரிசு பண்ணும். உடம்பு சரியில்ல, வியாபாரம் படுத்துடுச்சு, வீட்டுல சண்டைன்னா அந்த சாமி கோச்சுக்கிட்டு விலகிப் போயிடுச்சுன்னு அர்த்தம். கொடுமை என்னன்னா எதுக்குக் கோவம்னு தெரியாது. ஷுர்பூன்னு ஒரு பரிகாரத் தொடர் இருக்கு, அதுல நோயாளி சார்பா பூசாரி ஒரு நீள லிஸ்ட் படிப்பார், கள்ள எடைக்கல் வச்சானா, எல்லைக்கல்லை நகத்தினானா, மூத்த அக்காவை மதிக்காம பேசினானா, பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சானா, சாபம் பிடிச்சவன் உக்காந்த நாற்காலில உக்காந்தானா, அவன் கிண்ணத்துல குடிச்சானா. நியாயம் அநியாயமும் தீட்டும் ஒரே வரிசைல வருது பாருங்க, அவங்களுக்கு ரெண்டும் ஒரே வியாதியோட காரணம்தான். அப்புறம் நோயாளி கைல ஒரு வெங்காயம் குடுப்பாங்க. தோலைத் தோலா உரிச்சு நெருப்புல போடணும், இந்த வெங்காயம் உரிஞ்சு எரிஞ்ச மாதிரி, இனிமே பாத்தியில நட முடியாத மாதிரி, என் மேல இருக்கிற சாபமும் நோயும் உரிஞ்சு போகட்டும்னு மந்திரம். அடுத்து பேரீச்சங்குலையைப் பிச்சுப் போடணும், அடுத்து பின்னின பாயைப் பிரிச்சுப் போடணும். வீட்டுச் சாமான்களை வச்சே ஒரு மனுஷனோட பயத்தை இறக்கி வைக்கிற வேலை இது, இதைக் கண்டுபிடிச்சவர் நல்ல டாக்டர்னுதான் நான் சொல்வேன்.

சாமி கோவத்தை முன்கூட்டியே தெரிஞ்சுக்க சகுனம். ஆட்டு ஈரலைப் பார்த்து குறி சொல்றது பெரிய படிப்பு, பாடம் நடத்த களிமண்ணுலயே ஈரல் மாடல் செஞ்சு கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துலயும் பலன் எழுதி வச்சிருந்தாங்க. காசில்லாதவங்களுக்கு தெருவுலயும் வீட்டுலயும் நடக்கிறதே போதும், எறும்பு, பூனை, பாம்பு, பல்லின்னு 100-க்கும் மேல பலகை வர்ற ஒரு சகுனத் தொடர் இருக்கு, அதுல பல்லி ஒருத்தன் மேல விழுந்தா என்ன பலன்னு வரிசையா வருது. நம்ம பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன் படிச்சவங்களுக்கு சிரிப்பு வரும், ஆனா இது சும்மா தற்செயல் இல்ல போல, இந்தியாவோட பழைய நிமித்த நூல்கள்ல இருக்கிற சகுனங்கள் பலதும் பாரசீகப் பேரரசு காலத்துல பாபிலோன்லேர்ந்து வந்ததுன்னு டேவிட் பிங்கிரீங்கிற ஆய்வாளர் வாதாடியிருக்கார். ராசி விஷயத்துல சந்தேகமே வேண்டாம், வானத்தை 12 சம பங்கா பிரிச்ச மேஷம் ரிஷபம் கணக்கு பாபிலோன்ல கி.மு. 5-ஆம் நூற்றாண்டுல உருவாகி கிரேக்கர் வழியா இந்தியாவுக்கு வந்தது. கிடைச்சதுலயே பழைய ஜாதகம் கி.மு. 410-ல பாபிலோன்ல பொறந்த குழந்தைகளோடது.

கெட்ட சகுனம்னா தலைவிதின்னு விட மாட்டாங்க, பரிகாரம் உண்டு. சூரிய சாமி ஷமாஷ் முன்னாடி வழக்கு மாதிரி வச்சு, கெடுதலை ஒரு களிமண் பொம்மைக்கு மாத்தி ஆத்துல விட்டுடுவாங்க. ராஜாவுக்கு மட்டும் பொம்மை பத்தாது. சந்திர கிரகணம் ராஜாவுக்கு சாவுன்னு காட்டினா, யாரோ ஒருத்தனை சிம்மாசனத்துல உக்கார வச்சு, பக்கத்துல ஒரு பொண்ணை ராணியாக்கி, நிஜ ராஜா ஒதுங்கிடுவார், 100 நாள் வரைக்கும் போகும். அந்த நாள்ல அசீரிய ராஜா எசர்ஹத்தோனுக்கு வந்த லெட்டர்ல எல்லாம் விவசாயி அவர்களுக்குன்னுதான் எழுதியிருக்கு. முடிஞ்சதும் டூப் ராஜாவும் ராணியும் சாகணும். கி.மு. 671-ல அப்படி செத்த தம்கிங்கிறவன் அக்காத் நகரத்து கோயில் தலைமை நிர்வாகியோட மகன், அவங்களை அலங்காரம் பண்ணி அழுது புதைச்சோம்னு அதிகாரி ரிப்போர்ட் அனுப்பியிருக்கார். ஆனா இசின் நகரத்துக் கதை ஒண்ணு தலைகீழ், அங்க என்லில்-பானிங்கிற தோட்டக்காரனை டூப்பா உக்கார வச்ச நேரம் பார்த்து நிஜ ராஜா சூடான கஞ்சி குடிச்சு செத்துட்டாராம், தோட்டக்காரன் எந்திரிக்கவே இல்ல, அப்படியே ராஜாவாயிட்டான்.

வீட்டுக்குள்ள போவோம். உர் நகரத்துல 1922-லேர்ந்து 1934 வரைக்கும் லியனார்ட் வூலி தோண்டினப்ப கி.மு. 1800 வாக்குல இருந்த தெருக்கள் அப்படியே கிடைச்சுது, நடுவுல முற்றம், சுத்தி ரூம், பல வீட்டுல பின்கட்டுல ஒரு பூஜை அறை. மனுஷன் சந்துக்கெல்லாம் இங்கிலீஷ் தெருப் பேரு வச்சுட்டார். மட்டமான செம்பு குடுத்துட்டான்னு கஸ்டமர் திட்டின லெட்டரால இன்டர்நெட்ல பேமஸான ஏயா-நாசிர் இந்த ஊர் ஆளுதான். சாப்பாடு சாமி மெனுவோட ஏழை வெர்ஷன், பார்லி ரொட்டி, பீர், வெங்காயம், பேரீச்சை, ஆத்து மீன். கூலியே பார்லியாதான் வரும், கி.மு. 21-ஆம் நூற்றாண்டு கணக்குகள்ல ஆம்பளைக்கு மாசம் 60 லிட்டர், பொம்பளைக்கு 30-ன்னு பார்த்தா அந்த பாரபட்சம் எவ்வளவு பழசுன்னு தெரியும். பீர்ல உமி மிதக்கும், அதுனால ஜாடில நாணல் குழாய் போட்டு கூட்டமா உக்காந்து உறிஞ்சினாங்க.

வீட்டுல பெரிய பயம் குழந்தைக்கு. லமஷ்துன்னு ஒரு பேய், சிங்கத் தலை, கழுதைப் பல்லு, பிரசவ வீட்டுக்கு வந்து பச்சைக் குழந்தையைத் தூக்கிடும். வெள்ளக் கதையோட முடிவுல, மனுஷங்க மறுபடி அளவுக்கு மீறி பெருகக் கூடாதுன்னு இந்த மாதிரி ஒரு குழந்தை திருடியையும், பிள்ளை பெறாத பொண்ணுங்களையும் சாமிகளே ஏற்பாடு பண்ணதா வருது, அதாவது செத்த குழந்தைக்கு காரணம் தாயோட பாவம்னு சொல்லாம அப்படி ஒரு பதில். இவளை விரட்ட பசுசுன்னு இன்னொரு பேயோட தலையை வெண்கலத்துல செஞ்சு மாட்டினாங்க. அவளையும் பட்டினியா அனுப்பறதில்ல, பொம்மை செஞ்சு ரொட்டி, சீப்பு, தக்ளி, எண்ணெய்னு வழிச் சாமானும் கட்டிக் குடுத்துத்தான் ஊரை விட்டு அனுப்புவாங்க. வாசல் அடியில களிமண் நாய் புதைக்கிறதும் உண்டு. நினிவேல அசீரிய ராஜா அசுர்பனிபால் அரண்மனைல அஞ்சு கிடைச்சுது, ஒவ்வொண்ணும் ஒரு கலர், உடம்புல பேரு எழுதியிருக்கு, ஒண்ணு எதிரியைப் பிடிக்கிறவன், ஒண்ணு சத்தமா குரைக்கிறவன், இன்னொண்ணு பேரே யோசிக்காத, கடி!

செத்தவங்க எங்கயும் போறதில்ல, பல வீட்டுல தரைக்கு அடியிலதான் புதைச்சாங்க. பாதாளம் இருட்டு, மண்ணுதான் சாப்பாடு, பறவை மாதிரி இறகு போத்திக்கிட்டு கிடப்பாங்க. நல்லவனுக்கு ஒரு இடம் கெட்டவனுக்கு ஒரு இடம்னு இல்ல, மேல இருந்து எவ்வளவு சோறு தண்ணி வருதோ அதுதான் அந்தஸ்து. உருக் ராஜா கில்கமெஷ் பத்தின சுமேரிய பாட்டு ஒண்ணுல செத்துப் போய் பார்த்துட்டு வந்த அவனோட ஆளு என்கிடு சொல்றான், ஒரு பையன் இருக்கிறவன் அழுதுக்கிட்டு இருக்கான், ஏழு பையன் இருக்கிறவன் சாமிகள் பக்கத்துல நாற்காலில உக்காந்திருக்கான், யாருமே இல்லாதவன் தெருவுல வீசின ரொட்டித் துண்டையும் பானை சுரண்டலையும் தின்னுக்கிட்டு இருக்கான். அப்படி பசியோட இருக்கிற ஆவி மேல வந்து காதுக்குள்ள இரையும், தலைவலி குடுக்கும். அதுனால மாசா மாசம், நிலா மறையற நாள்ல, செத்தவங்க பேரைச் சொல்லி ரொட்டி வச்சு தண்ணி ஊத்தணும், குழிக்குள்ள இறங்க களிமண் குழாய் வச்ச இடங்களும் உண்டு. இதோட பேரு கிஸ்பு. அத்ரஹாசிஸ் எழுதினது யார் காலம்னு சொன்னேனே, அந்த அம்மி-சதூகா வச்ச கிஸ்பு பலகை ஒண்ணு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுல தன் முன்னோர் ராஜாக்கள் பேரையெல்லாம் கூப்பிட்டுட்டு, போர்ல செத்த சிப்பாய், பேரு சொல்ல ஆள் இல்லாத அத்தனை பேரும் வாங்க, இதைச் சாப்பிடுங்க, இதைக் குடிங்கன்னு வருது. அரசியல் பண்றவன் இதையே தலைகீழாவும் பண்ணுவான், கி.மு. 640-கள்ல ஏலாம் தலைநகர் சூசாவை அழிச்ச அசுர்பனிபால் ஏலாம் ராஜாக்கள் எலும்பைத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போய், அவங்க ஆவிக்கு சோறு தண்ணி இல்லாம பண்ணிட்டேன்னு கல்வெட்டுல பெருமையா எழுதினான்.

பையன் இல்லாதவங்க என்ன பண்றதுங்கிறதுக்கு பதில் காண்ட்ராக்ட்ல இருக்கு. அடிமையை விடுதலை பண்ணி தத்தெடுத்து, வயசான காலத்துல சோறு போடணும், செத்தா அழுது புதைக்கணும்னு எழுதி வாங்கிக்குவாங்க. யூப்ரடீஸ் மேல்பக்கம், இன்னைக்கு சிரியாவுல இருக்கிற எமார் ஊர்ல கி.மு. 13-ஆம் நூற்றாண்டு உயில்கள் இன்னும் ஒரு படி மேல, அப்பா தன் பொண்ணை சட்டப்படி பொண்ணாவும் ஆணாவும் ஆக்கிட்டேன், என் சாமிகளையும் என் செத்தவங்களையும் இனிமே இவதான் கூப்பிடுவான்னு சாட்சி வச்சு முத்திரை போட்டு, வீட்டையும் அவ பேர்லயே எழுதி வச்சிருக்கார்.